நெல் ஆலைக்கு எந்தப் பேரிங்?

தாமிரபரணிப் பாசனத்தில் பிசான அறுவடை தொடங்கிவிட்டால், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கத்து நெல் ஆலைகளில் எலிவேட்டரும் கன்வேயரும் ஓய்வின்றி ஓடும். அந்த நேரத்தில் ஒரு பேரிங் உடைந்தால் ஈர நெல் குவியலிலேயே சூடேறி, அரிசி பழுப்பாகிவிடும். ஆலை நடத்தும் உழவர் குழுக்கள் இதை முன்கூட்டியே கவனிப்பது நல்லது.

உமியை எரித்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும். அதில் பெரும்பகுதி சிலிக்கா. மணலில் இருப்பதும் அதுதான். பேரிங்குக்குள் புகும் உமித்தூசி கிரீசுடன் கலந்து, உப்புத்தாள்போல் தேய்த்துவிடும்.

கடையில் எண்ணை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். 6205 என்பது 25 மி.மீ. தண்டுக்கான அளவைத்தான் குறிக்கும். பின்னால் 'இசட்இசட்' என்றிருந்தால் இருபுறமும் இரும்புத் தகடு. தகட்டுக்கும் உள்வளையத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. தூசிக்கு அது போதும். '2ஆர்எஸ்' என்றால் உள்வளையத்தைத் தொட்டபடி இருக்கும் ரப்பர் சீல். நெல் தூசிக்கு இதுவே ஏற்றது. ஆனால் சாதாரண ரப்பர் 100 டிகிரி செல்சியசுக்கு மேல் நீண்ட நேரம் தாங்காது. உலர்த்தியை ஒட்டிய இடத்துக்கு வெப்பம் தாங்கும் சீல் கேளுங்கள். அவித்த நெல் ஓடும் இடத்தில் தண்ணீருக்குக் கரையாத கிரீஸ் தேவை.

பேரிங்கைக் குறை சொல்வோர் பலர், சுத்தியலைக் குறை சொல்வதில்லை! தண்டில் ஏற்றும்போது வெளிவளையத்தில் அடித்தால் புதுப் பேரிங்கும் அன்றே பழுதாகும். குழாய்த் துண்டை உள்வளையத்தில் வைத்தே தட்ட வேண்டும். கிரீஸை அளவுக்கு மீறி அடித்தால் சீல் பிதுங்கும், சூடும் கூடும்.

கை வைக்க முடியாத அளவு சூடேறிய பேரிங்கை அப்படியே ஓட விடாதீர்கள். அருகில் படிந்திருக்கும் உமித்தூசி தீப்பற்றக்கூடும்.