நீர் முதலில், மின்சாரம் பிறகு
வீட்டு நீச்சல் குளப் பம்பை இயக்கும் முறை

நீச்சல் குளப் பம்பு தண்ணீரைத் தள்ளும் எந்திரம்; காற்றைத் தள்ளும் வலு அதற்கு இல்லை. உள்ளே சுழலும் இம்பெல்லர் நீரை நடுவில் வாங்கி விளிம்புக்கு வீசுகிறது. அந்த வீச்சில் நடுப்பகுதியின் அழுத்தம் குறைய, குளத்தின் மேற்பரப்பை அழுத்தும் வளிமண்டலம் அடுத்த நீரைக் குழாய்க்குள் ஏற்றிவிடுகிறது. காற்றின் அடர்த்தியோ நீரைவிட ஏறக்குறைய 800 மடங்கு குறைவு. 15 மீட்டர் உயரத்துக்கு நீரைத் தள்ளவல்ல பம்புக்குள் காற்று மட்டும் இருந்தால், உறிஞ்சு குழாயில் நீர் 2 சென்டிமீட்டர்கூட ஏறாது. அதனால்தான் சுவிட்சைத் தொடுமுன் பம்புக்குள் நீரை நிரப்ப வேண்டியிருக்கிறது.

குளிர் நாடுகளில் குளத்தை மூடிவைத்து, வசந்தத்தில் ஒருமுறை திறப்பார்கள். மலேசியாவின் காஜாங்கில் குளத்துக்கு விடுமுறையே இல்லை. ஆனால் பம்பு நிற்பதற்கான காரணங்கள் ஆண்டு முழுவதும் உண்டு. காஜாங் அமைந்துள்ள கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடிமின்னல் மிகுந்த பகுதிகளுள் ஒன்று; மாலை மழையோடு வரும் மின்னலில் மின்சாரம் ‘டிரிப்’ ஆவது வழக்கம். வடிகூடையைக் கழுவத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பம்புக்குள் காற்று புகுகிறது. தண்ணீர்த் தடையும் ஒரு காரணம். 2016லும் 2020லும் துர்நாற்ற மாசு காரணமாக சுங்கை செமினி நீர் சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட்டபோது உலு லங்காட் வட்டாரத்தில் குழாய்கள் வறண்டன. வெயிலில் ஆவியாகி நாளுக்கு 4, 5 மில்லிமீட்டர் குறையும் குளத்தை அப்போது நிரப்ப வழியில்லை. நீர்மட்டம், குளத்தின் மேல்நீரை உள்ளிழுக்கும் ஸ்கிம்மரின் வாய்க்குக் கீழே இறங்கினால் பம்பு காற்று வாங்கத் தொடங்கும்.

தொடங்குமுன்

முதல் வேலை மின்சாரத்தைத் துண்டிப்பது. டைமரில் இயங்கும் பம்பு எதிர்பாராத நேரத்தில் தானே ஓடத் தொடங்கலாம் என்பதால், மின்பெட்டியிலேயே பிரேக்கரை அணைப்பது நல்லது. அடுத்து நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும்: ஸ்கிம்மர் உள்ள குளத்தில் அதன் வாயின் பாதி உயரம்வரை நீர் நிற்க வேண்டும், விளிம்பு வழிந்தோடும் குளத்தில் சமநிலைத் தொட்டியில் போதிய நீர் இருக்க வேண்டும்.

பம்பு இருக்கும் உயரத்தைப் பொறுத்து வேலை மாறும். குளத்து நீர்மட்டத்துக்குக் கீழே பம்பு அறை இருந்தால், வால்வைத் திறந்ததும் நீர் தானாக வந்து நிரம்பும். அங்கே வால்வுகளை மூடாமல் பம்பின் மூடியைத் திறந்தால் அறை வெள்ளக்காடாகும். பம்பு மேலே இருந்தால் நீரைக் கையால்தான் ஊற்ற வேண்டும்.

வரிசை முறை

உறிஞ்சு பக்க வால்வை மூடி, ஃபில்டர் தொட்டியின் காற்று வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்கியபின், பம்பின் மூடியைக் கழற்றலாம். கூடையிலுள்ள இலை, முடி, குப்பையை அகற்ற வேண்டும். மூடியின் ரப்பர் வளையத்தைத் துடைத்து, வெடிப்பு இல்லை என்று உறுதிசெய்து, சிலிக்கோன் கிரீஸ் மெல்லிதாகப் பூச வேண்டும்; பெட்ரோலியம் கலந்த கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். கூடை முழுவதும் மூழ்கி நீர் விளிம்பைத் தொடும்வரை வாளியால் ஊற்ற வேண்டும். குழாய் நீரை உள்வாங்கினால் மட்டம் நிற்கும்வரை ஊற்றியபடி இருக்கலாம். பிறகு மூடியைக் கையால் இறுக்கினால் போதும்.

மணல் ஃபில்டரின் பலவழி வால்வு ‘ஃபில்டர்’ நிலையில் இருக்கிறதா என்று பார்த்து, உறிஞ்சு பக்கமும் திரும்பும் பக்கமும் உள்ள வால்வுகளைத் திறக்க வேண்டும். பம்பு ஓடும்போது பலவழி வால்வின் கைப்பிடியைத் திருப்பினால் உள்ளிருக்கும் ரப்பர் பட்டை கிழியும். ஃபில்டரின் காற்று வால்வைத் திறந்துவைத்து, தொட்டியிலிருந்து தள்ளி நின்று சுவிட்சைப் போட வேண்டும். அழுத்தப்பட்ட காற்று, சரியாகப் பூட்டாத மூடியைத் தூக்கி எறியும் வலுவுள்ளது. காற்று சீறி வெளியேறி, நீர் சீராகப் பீய்ச்சியதும் காற்று வால்வை மூடலாம். கண்ணாடி மூடி வழியே குமிழியின்றி நீர் ஓடுவது தெரிந்தால் வேலை முடிந்தது. அப்போது அழுத்தமானி காட்டும் அளவைக் குறித்துவைப்பது பயன் தரும். அதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால் ஃபில்டரைப் பின்னோட்டமாகக் கழுவ வேண்டும்.

நீர் ஏறாவிட்டால்

ஐந்து நிமிடத்துக்குள் நீர் வராவிட்டால் பம்பை நிறுத்துவதே நலம். சுழல் தண்டைச் சுற்றியுள்ள சீலைக் குளிர்விப்பது பம்புக்குள் ஓடும் நீர்தான். அது இல்லாமல் ஓடினால் சீல் கருகி, பின்னர் அங்கிருந்து கசியும் நீர் மோட்டாரையும் கெடுக்கும். குறை பெரும்பாலும் உறிஞ்சு பக்கத்தில்தான் இருக்கும்: மூடி வளையம், வடிகால் திருகு, இணைப்புகள், வால்வின் தண்டு. அந்தப் பக்கத்தில் நீர் வெளியே கசிவதைவிடக் காற்று உள்ளே போவதே மிகுதி; அது கண்ணுக்குத் தெரியாது. ஓடும் பம்பின் இணைப்புகளில் சவர நுரையைத் தடவினால், ஓட்டையுள்ள இடத்தில் நுரை உள்ளே இழுக்கப்படும். எல்லாம் சரியாக இருந்தும் நீர் ஏறவில்லையென்றால் ஸ்கிம்மர் குழாயோ இம்பெல்லரோ அடைத்திருக்கலாம். மோட்டார் சுற்றாமல் உறுமினால், அதைத் தொடங்கிவைக்கும் கெப்பாசிட்டர் பழுதாகியிருக்கக்கூடும்.

வெள்ளத்தில் மூழ்கிய மோட்டாருக்கு இந்த முறை எதுவும் பொருந்தாது. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கைத் தாக்கிய வெள்ளம் போன்ற நேரங்களில் நனைந்த மோட்டாரைப் பதிவுபெற்ற வயர்மேன் சோதிக்கும்வரை மின்சாரம் கொடுக்கவே கூடாது. மின்கசிவுத் துண்டிப்பான் மீண்டும் மீண்டும் விழுந்தால், அதை வலிந்து ஏற்றிவிடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

பம்பைப் பழுதுபார்க்காமல் நாள் கடத்துவதும் ஆபத்தே. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 48,000 லிட்டர் நீர் நிற்கிறது. ஓட்டம் நின்று குளோரின் தீர்ந்தால், மலேசிய வெப்பத்தில் அது சில நாள்களில் பச்சையாகும். கொசு முட்டை ஒரு வாரம், பத்து நாளில் பறக்கும் கொசுவாகிவிடும். வீட்டில் கொசு வளரவிடுவது 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.