படிக்கட்டில் எத்தனை செருப்பு?

கொழும்பு முகத்துவாரத்தில் மாடியில் நடக்கும் ரியூஷன் வகுப்பு ஒன்றின் படிக்கட்டைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். கீழ்ப்படியிலிருந்து மேல்படி வரை செருப்புகள். மேலே ஏ.சி. ஓடுவதால் ஜன்னல்கள் எல்லாம் பூட்டு. பிள்ளையைக் கொண்டுவந்து விடும் அம்மாமார் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள்.

2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து கொரோனா பரவியபோது முகத்துவாரமும் மட்டக்குளியும் வாரக்கணக்கில் முடங்கிக் கிடந்தன. 2021 ஜனவரியில் மேல் மாகாணத்தில் ரியூஷன் வகுப்புகளுக்கு அனுமதி கிடைத்தது. இடத்தின் கொள்ளளவில் பாதிப் பேர்தான் இருக்கலாம் என்று நிபந்தனையும் இருந்தது. பல வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்ததோ "திறந்தாச்சு" என்ற ஒரு சொல் மட்டும்தான்.

இதில் அதிகம் ஏமாறுவது வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைகளின் குடும்பம். பாடசாலைப் பிள்ளைக்கு வரவுப் பதிவேடு இருக்கிறது. வகுப்பில் ஒருவருக்குத் தொற்று என்றால் சுகாதாரப் பிரிவினர் அதிபரைக் கேட்டு மற்றப் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கலாம். நடன வகுப்புக்கும் நீச்சலுக்கும் மட்டும் வெளியே போகும் பிள்ளையின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. பக்கத்தில் இருந்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது அம்மம்மா படுக்கையில் விழுந்த பிறகுதான் தெரியவரும்.

ஆகவே அனுப்புவதற்கு முன் ஒருநாள் வகுப்பு நடக்கும் நேரத்திலேயே மேலே ஏறிப் பாருங்கள். செருப்புகளை எண்ணுங்கள். ஜன்னல் திறக்கிறதா என்று கையால் தள்ளிப் பாருங்கள். வருகிறவர்களின் பெயரும் தொலைபேசி இலக்கமும் ஒரு கொப்பியில் எழுதப்படுகின்றனவா என்று கேளுங்கள். கொப்பி இல்லையென்றால் நீங்களே ஒன்றை வாங்கிக் கொடுங்கள். அதற்கும் ஆசிரியர் சம்மதிக்காவிட்டால் அங்கே அனுப்ப வேண்டாம். வீட்டில் முதியவரோ, சிறுநீரக நோயாளியோ, புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவரோ இருந்தால் மூடிய அறை வகுப்பு வேண்டவே வேண்டாம். திறந்த வெளி விளையாட்டை முதலில் தொடங்கலாம்.

சந்தேகம் இருந்தால் கொழும்பு மாநகர சபையின் கீழ் உங்கள் பகுதிக்குரிய சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேளுங்கள். எது உங்கள் அலுவலகம் என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் அறியலாம். தொலைபேசியில் கேட்டால் "பிறகு பார்ப்போம்" என்ற பதிலோடு விஷயம் அங்கேயே செத்துவிடும். கடிதமாகக் கொடுங்கள்: வகுப்பின் முகவரி, நேரம், பிள்ளைகளின் எண்ணிக்கை, ஜன்னல் நிலவரம். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பு தந்திருக்கிறது. பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பாடசாலையில் பெயர் உள்ள பிள்ளையை வீட்டில் நிறுத்தினாலும் இதே முறைதான். 5 முதல் 16 வயது வரை இங்கே கல்வி கட்டாயம். அதிபருக்குக் காரணத்தை எழுதிக் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்கி வையுங்கள். வாய்ச்சொல்லை நம்பி இருந்துவிட்டு, பெயர் வெட்டுப்பட்ட பிறகு கோட்டக் கல்வி அலுவலகத்துக்கு அலைவதில் பயனில்லை.

தடுப்பூசியை நிறையப் பேர் மறந்தே போகிறார்கள். 2021 ஒக்டோபரில் 15 வயதுக்கு மேற்பட்ட மாணவருக்குக் கொரோனாத் தடுப்பூசி பாடசாலைகள் வழியாகத்தான் தொடங்கியது. வழமையான ஊசிகளிலும் பெண்பிள்ளைகளுக்கான எச்.பி.வி. 6ஆம் வகுப்பிலும், ஏர்ப்புவலி, தொண்டைக்கரப்பான் ஊசி 7ஆம் வகுப்பிலும் பாடசாலையிலேயே போடப்படுகின்றன. வீட்டில் படிக்கும் பிள்ளையைத் தேடி யாரும் வரப்போவதில்லை. பிறந்தபோது தந்த பிள்ளை சுகாதாரப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு நீங்கள்தான் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

இன்னொன்று: காலையில் உடம்பு சுட்டால் பனடோல் கொடுத்து வகுப்புக்கு அனுப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. காய்ச்சல் இறங்கும், தொற்று இறங்காது. பனடோல் கொடுத்து அனுப்பாதீர்கள். முகத்துவாரத்தில் டெங்குவும் இருக்கிறது. காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கொரோனா வந்து மாறி 2 முதல் 6 வாரங்களுக்குள் பிள்ளைக்கு மறுபடி காய்ச்சல், கண் சிவப்பு, தோலில் தடிப்பு, வயிற்று வலி என்று வந்தால் அன்றே சீமாட்டி ரிஜ்வே சிறுவர் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வாகனம் கிடைக்கவில்லையென்றால் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.