குழந்தைகளிடம் மழுப்பாத படம்

2007 பிப்ரவரியில் 'பிரிட்ஜ் டு டெரபிதியா' அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தபோது, டிரெய்லரை நம்பிப் போனவர்கள் இன்னொரு 'நார்னியா'வை எதிர்பார்த்தார்கள். விநோத ஜந்துக்களும் மாய உலகமுமாக டிரெய்லர் ஜொலித்தது. தயாரிப்பும் 'நார்னியா'வை எடுத்த அதே வால்டன் மீடியா. ஆனால் படத்தின் பெரும்பகுதி நடப்பது ஒரு கிராமத்துப் பள்ளியிலும், பணக்கஷ்டத்தில் திணறும் ஒரு வீட்டிலும், ஓடைக்கு அப்பாலுள்ள காட்டிலும்தான்.

ஜெஸ் நான்கு சகோதரிகளுக்கு நடுவே ஒரே பையன். அக்காவின் பழைய ஷூதான் அவனுக்கு. அதிலுள்ள இளஞ்சிவப்பை மார்க்கரால் கறுப்படித்துக்கொண்டு ஓட்டப்பந்தயத்துக்குப் போகிறான். ஜெயிப்பது என்னவோ பள்ளிக்குப் புதிதாக வந்த லெஸ்லி. அவள் வீட்டில் டிவி கிடையாது. அப்பாவும் அம்மாவும் எழுத்தாளர்கள். பக்கத்து வீட்டுக்காரியான அவளோடு அவனுக்கு ஒட்டிக்கொள்கிறது. மரத்தில் தொங்கும் கயிற்றைப் பிடித்து ஓடையைத் தாண்டுகிறார்கள். அக்கரையில் அவர்கள் உண்டாக்கும் ராஜ்ஜியம்தான் டெரபிதியா. பாத்ரூம் போவதற்கு ஒரு டாலர் கேட்டு மிரட்டும் ஜேனிஸ் அங்கே ராட்சசி. வகுப்பில் வம்பிழுக்கும் பையன்களும் ஜந்துக்களாகிவிடுகிறார்கள். பள்ளியில் வாங்கிய அடிக்கெல்லாம் காட்டில் பதிலடி.

ஒரு சனிக்கிழமை இசை டீச்சர் ஜெஸ்ஸை மியூசியத்துக்கு அழைத்துப் போகிறார். லெஸ்லியையும் கூட்டிப்போகலாமா என்று அவன் கேட்கவில்லை. மாலையில் வீடு திரும்பினால், கயிறு அறுந்து லெஸ்லி ஓடையில் விழுந்து இறந்துவிட்ட செய்தி காத்திருக்கிறது. அந்த விபத்தைப் படம் காட்டுவதே இல்லை. ஜெஸ்ஸுக்குத் தெரியும்போதுதான் நமக்கும் தெரிகிறது.

அதன்பிறகு வருவதுதான் இந்தப் படத்தின் பலம். முதலில் அவன் நம்ப மறுக்கிறான். அப்புறம் கோபம், வகுப்பில் ஒருவனுக்குக் குத்து, கூட்டிப்போகாத குற்ற உணர்ச்சி. பைபிளை நம்பாதவர்கள் நரகத்துக்குப் போவார்கள் என்று தங்கை மே பெல் எப்போதோ சொன்னது அவனைத் துரத்துகிறது. லெஸ்லி நரகத்துக்குப் போவாளா என்று அப்பாவிடமே கேட்கிறான். அதுவரை கடுகடுவென்றிருந்த அப்பா, அந்தச் சின்னப் பெண்ணைக் கடவுள் அங்கெல்லாம் அனுப்பமாட்டார் என்கிறார். சிடுமூஞ்சி வகுப்பாசிரியையும் தன் கணவர் இறந்த துக்கத்தை அவனிடம் மனம்விட்டுச் சொல்கிறார்.

இந்தக் கதைக்கு வேர் நிஜத்தில் இருக்கிறது. எழுத்தாளர் கேத்தரின் பேட்டர்சனின் மகன் டேவிட்டுக்குச் சிறுவயதில் ஓர் உயிர்த்தோழி. 1974-ல், எட்டு வயதில், கடற்கரையில் மின்னல் தாக்கி அவள் இறந்துபோனாள். அந்த அதிர்ச்சியிலிருந்து மீள முடியாத மகனுக்காகத் தாய் எழுதிய நாவல் 1977-ல் வெளிவந்து, அடுத்த ஆண்டே நியூபெரி பதக்கம் வென்றது. புத்தகத்தை மகனுக்குச் சமர்ப்பித்திருந்தார். படித்துவிட்டு, தோழியின் பெயரையும் அந்தப் பக்கத்தில் சேர்க்கச் சொன்னது டேவிட்தான். அதே டேவிட் வளர்ந்து, ஜெஃப் ஸ்டாக்வெல்லுடன் சேர்ந்து படத்துக்குத் திரைக்கதை எழுதினார். தயாரிப்பாளர்களில் ஒருவராகவும் இருந்தார். லெஸ்லியைச் சாகடிக்காமல் கதையை முடிக்கச் சொல்லிச் சினிமா கம்பெனிகள் கேட்டபோதும் அவர் மசியவில்லை.

இயக்குநர் காபோர் சூப்போ, 'ரக்ராட்ஸ்' கார்ட்டூன் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவர். நடிகர்களை வைத்து அவர் எடுத்த முதல் படம் இது. கார்ட்டூன்காரர் என்றாலும் கிராஃபிக்ஸை அளவாகவே தொட்டிருக்கிறார். காட்டுக்குள் முதலில் வெறும் மரங்களும் காற்றும்தான். ராட்சசியெல்லாம் மெல்லத்தான் தலைகாட்டுகிறார்கள். ஜெஸ்ஸாக ஜோஷ் ஹட்சர்சனும் லெஸ்லியாக அன்னாசோஃபியா ராப்பும் நடிக்கிறார்கள் என்ற நினைப்பே வருவதில்லை. நியூசிலாந்தில் எடுத்த இந்தச் சின்ன பட்ஜெட் படம் உலகெங்கும் 13 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

அமெரிக்காவில் இதற்கு 'பிஜி' சான்றிதழ். மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு இது கனம்தான். எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் தாராளமாகக் காட்டலாம். ஆனால் டிவியைப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடக் கூடாது. ஜெஸ் அப்பாவிடம் கேட்டது போன்ற கேள்வியோடு பிள்ளை திரும்பும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.