எலும்பு சொல்லாத செய்தி

வினாயகபுரத்துக் கடற்கரையில் ஓங்கில் ஒன்றின் எலும்புக்கூடு ஒதுங்கிக் கிடப்பதாகக் கொள்வோம். ஓங்கிலை உயிருடன் கண்டறியாத ஒருவனிடம் அதனைக் காட்டி, "இதன் உருவத்தை வரைக" என்றால் அவன் எவ்வாறு வரைவான்? முதுகில் துடுப்பு இராது; வாலும் கயிறுபோல் மெலிந்து முடியும். ஏனெனில், ஓங்கிலின் முதுகுத் துடுப்பிலும், வாலின் இரு பக்கமும் விரிந்த துடுப்புகளிலும் எலும்பே இல்லை. தசை அழுகியதும் அவையும் மறைந்துவிடும்.

பல கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன கடல் ஊர்வனவற்றை வரையப் புகுந்த அறிஞர்களும் இதே இடர்ப்பாட்டிற்கு உள்ளாயினர். அவற்றுள் ஒன்று இக்தியோசோர். 'மீன் பல்லி' என்பது இப்பெயரின் பொருள். மீனைப்போல் நீந்தினும் அது மீனன்று; காற்றைச் சுவாசித்த ஊர்வன இனம்.

இங்கிலாந்தின் லைம் றீஜிஸ் கரையில் 1811ஆம் ஆண்டு யோசேப்பு ஆனிங் என்னும் சிறுவன் இதன் தலையோட்டைக் கண்டான். மறு ஆண்டில் அவன் தங்கை மேரி, பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுமி, உடலெலும்புகளைக் கண்டெடுத்தாள். முதலையென்றே பலரும் அதனை எண்ணினர். பின்னர் கிடைத்த பல கூடுகளில் வாலெலும்பு ஏறக்குறைய ஒரே இடத்தில் மடிந்திருப்பதை 1838இல் றிச்சட் ஓவன் கவனித்தார். தற்செயலாக முறிந்ததாயின் வெவ்வேறிடத்தில் அன்றோ முறிந்திருக்கும்? ஆதலின் வாலில் துடுப்பு இருந்திருத்தல் வேண்டுமென அவர் உய்த்துணர்ந்தார்.

அத்தகைய அறிஞரின் ஆலோசனையுடன் 1854இல் இலண்டன் நகரில் அமைக்கப்பட்ட சிலைகளிலும் பிழைகள் நேர்ந்தன. முதுகுத் துடுப்பு இல்லை. கண்ணுக்குள் இருந்த எலும்பு வளையம் வெளியே தெரிகின்றது. கரையோரம் சோம்பிக் கிடக்கும் பிராணியாகவே அது காட்சியளிக்கின்றது.

விடை ஜேர்மனியிலிருந்து வந்தது. ஹோல்ஸ்மாடன் என்னுமிடத்துப் பாறைகளில், எலும்பைச் சூழ்ந்து உடலின் விளிம்பும் கரிய நிழலாய்ப் பதிந்திருந்தது. 1890களில் அவற்றை ஆராய்ந்தோர், முக்கோண முதுகுத் துடுப்பையும் பிறைபோன்ற வாலையும் கண்டனர். வாலெலும்பு கீழ்நோக்கி வளைந்து கீழ்ப்பாதியைத் தாங்கியது, மேற்பாதியில் எலும்பில்லை. ஓவனின் ஊகம் மெய்யாயிற்று. சுமார் 18 கோடி ஆண்டு பழைமையான மற்றொரு ஜேர்மன் சுவட்டில், தோலின் கீழே கொழுப்புப் படலமும், வயிற்றினும் முதுகு கருமையாயிருந்ததற்கான சான்றும் இருப்பதாக 2018இல் அறிவிக்கப்பட்டது.

நம் அயல்நாடான இந்தியாவிலும் இவ்விலங்கு வாழ்ந்தது. குஜராத்தின் கச்சுப் பகுதியில், லோடாய் ஊரருகே கிடைத்த, 15 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட எலும்புக்கூட்டைத் தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி. வி. ஆர். பிரசாத் முதலியோர் 2017இல் விவரித்தனர். நீளம் ஏறத்தாழ 5.5 மீற்றர். பற்களின் தேய்வைக் கொண்டு, கடினமான இரையைத் தின்றதெனக் கருதினர். தமிழகத்துத் திருச்சிராப்பள்ளிப் பகுதியிலும் இதன் முள்ளந்தண்டெலும்புகள் கிடைத்தன. 1879இல் லைடெக்கர் அவற்றுக்குத் தனிப்பெயர் சூட்டினார். எனினும் அவ்வளவே கொண்டு தனியினமெனத் துணிய இயலாதென்பது பிற்கால ஆய்வாளர் கருத்து.

மாணவர்களே, பழங்கால விலங்கின் படத்தைக் காணும்போது ஒரு வினா எழுப்புங்கள்: இதில் எலும்பு சொன்னது எது, மனிதன் ஊகித்தது எது? ஊகித்தல் குற்றமன்று. புதிய சான்று கிடைத்த பின்னும் பழைய படத்தைத் திருத்த மறுப்பதே குற்றமாகும்.