பற்றரி மாற்றுமுன் பாருங்கள்

கினிகத்தேனை மழையில் காலையில் மோட்டார் சைக்கிள் கிளம்பாவிட்டால், உடனே புதுப் பற்றரி வாங்க ஓடவேண்டாம். இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு ஒவ்வொரு ரூபாவும் பெரிது. முதலில் முனைகளில் படிந்த வெண்தூளை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்தபின் இறுக்குங்கள். பிறகு மெக்கானிக்கிடம் மீற்றர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் வேகமாக ஓடும்போது 12 வோல்ட் பற்றரியில் ஏறக்குறைய 14 வோல்ட் காட்டவேண்டும். 12ஐத் தாண்டாவிட்டால், பெரும்பாலும் பழுது மின்னேற்றும் பகுதியில்தான். புதுப் பற்றரியும் விரைவில் இறங்கிவிடும்.

வாங்கும்போது வோல்ட், அம்பியர்-மணி, அளவு, நேர்முனை இருக்கும் பக்கம் ஆகியவை பழையதோடு ஒத்திருக்கட்டும். உற்பத்தித் திகதியையும் பாருங்கள். கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றுங்கள். பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டுங்கள். பழையதைக் கொல்லையில் எறியாமல் கடையில் கொடுங்கள். அதிலுள்ள ஈயம் பிள்ளைகளுக்கு நஞ்சு.