பொட்டுக் கட்டை அவிழ்த்த டாக்டர் அம்மாள்

சென்னை, அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி என்றால் தெரியாதவர் இல்லை. அதைத் தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சர்க்கார் தரும் பிரசவ உதவித் திட்டத்துக்கும் அவர் பெயர்தான்.

ஆனால் சட்டசபையில் இந்த அம்மாள் நடத்திய போராட்டம் பலருக்குத் தெரியாது.

சென்னை மாகாணத்தில் 1921-லேயே பெண்களுக்கு ஓட்டு வந்துவிட்டது. அதுவும் சொத்து உள்ளவர்களுக்குத்தான். ஓட்டுப் போடலாம், சபைக்குள் போய் உட்காரக் கூடாது! அந்தத் தடை 1926-ல்தான் நீங்கியது. அந்த ஆண்டு மங்களூரில் தேர்தலுக்கு நின்ற கமலாதேவி சட்டோபாத்யாயா, கொஞ்ச ஓட்டில் தோற்றுப்போனார்.

ஆகவே நியமனத்தின் மூலமாகத்தான் ஒரு பெண் உள்ளே வர முடிந்தது. இந்திய மாதர் சங்கம் முத்துலட்சுமியின் பெயரைச் சொன்னது. வைத்தியத் தொழில் என்ன ஆவது என்று அவருக்குத் தயக்கம். இருந்தாலும் 1927 ஜனவரியில் சபைக்குப் போனார்.

போனதும் போகாததுமாக, ஒருமனதாக அவரை உபதலைவர் ஆக்கிவிட்டார்கள்! பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண சட்டசபைகளில் அவருக்கு முன் ஒரு பெண் கூட உட்கார்ந்ததில்லை.

நிலம்தான் கயிறு

1927 நவம்பரில், கோயில்களில் சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

இது அவருக்குக் கேள்விப்பட்ட சங்கதி அல்ல. புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா கல்லூரித் தலைமை ஆசிரியர், பிராமணர். அம்மா சந்திரம்மாள், பொட்டுக் கட்டும் வழக்கம் இருந்த குலம்.

பொட்டுக் கட்டுவது பக்தி சமாச்சாரம் மட்டுமா? இல்லை. அதற்குப் பின்னால் நிலம் இருந்தது. கோயில் சேவைக்காக அந்தக் குடும்பங்களுக்கு இனாம் நிலம் உண்டு. சேவை நின்றால் நிலம் போய்விடும். அதனால் தலைமுறைக்கு ஒரு பெண்ணைக் கோயிலுக்கு விட்டே ஆக வேண்டும். வயிற்றுப் பிழைப்பு ஆயிற்றே!

டாக்டர் அம்மாள் கை வைத்தது அந்த முடிச்சில்தான். 1929-ல் வந்த சட்டத் திருத்தம், "சேவை செய்யாவிட்டாலும் நிலம் உங்களுக்கே, வரியை மட்டும் கட்டுங்கள்" என்கிற மாதிரி அமைந்தது. மேடையில் ஆயிரம் பேசுவதை விட இது பெரிய காரியம்.

எதிர்த்தவர்கள் யார்?

சும்மா விடுவார்களா? சபையில் சத்தியமூர்த்தி எதிர்த்தார். அது கூடப் பெரிதில்லை. தேவதாசிப் பெண்களே திரண்டு மனுக் கொடுத்தார்கள். திருவையாற்றில் தியாகராஜருக்குக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளும் எதிர்ப்பவர் பக்கம்!

அவர்கள் பேச்சிலும் நியாயம் இருந்தது. பாட்டும் பரதமும் காத்தவர்கள் நாங்கள், எங்களை எல்லாம் ஒட்டுமொத்தமாக விலைமாதர் என்று சொல்லலாமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு டாக்டர் அம்மாள் சரியாகப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அதே குலத்தில் இருந்து வந்து, ஊர் ஊராகப் போய் இந்த வழக்கத்தை எதிர்த்துப் பேசினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

ராஜினாமா

1930-ல் பொட்டுக் கட்டுவதையே தடை செய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். அதற்குள் உப்பு சத்தியாக்கிரகம். மே மாதம் காந்தி கைதானார். "எனக்கு இந்தப் பதவி வேண்டாம்" என்று ராஜினாமா செய்துவிட்டார் முத்துலட்சுமி.

சபையில் இருந்தது 3 ஆண்டுகளுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அவர் வெளியே வந்ததும் மசோதா கிடப்பில் விழுந்தது.

அந்தச் சமயத்தில் பொட்டுக் கட்டுக்குத் தப்பிய சிறுமிகள் அவர் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். விடுதிகளில் அவர்களைச் சேர்க்கவில்லை. வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் அவ்வை இல்லம்.

தடைச் சட்டம் நிறைவேறியது 1947-ல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மந்திரிசபையில். மசோதா கொண்டுவந்த அம்மாளுக்கு அப்போது வயது 61. அடுத்த 5 ஆண்டில், 1952-ல், அடையாறு ஆஸ்பத்திரிக்கு நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அது 12 படுக்கைகளுடன் திறந்தது.