விலை குறைந்த ரப்பரிலும் பந்து சுழலுமா?

கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் டேபிள் டென்னிஸ் மட்டையால் எவ்வளவுதான் தேய்த்து அடித்தாலும் பந்து சுழலாமல் நேராகப் போகிறதே, ஏன்?

காரணம், மட்டையில் ஒட்டியிருக்கும் ரப்பர். நல்ல ரப்பர் ஒன்றின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். மேலே மெல்லிய ரப்பர் தாள். அதன் அடியில் வரிசையாகக் குட்டி மொட்டுகள். அதற்கும் கீழே ஸ்பாஞ்ச். பந்து பட்டதும் எல்லாம் சேர்ந்து அமுங்கி, பக்கவாட்டில் இழுபட்டு, சட்டெனத் திரும்புகின்றன. ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் முடிந்துவிடும் கூத்து இது!

பம்பரத்தைச் சாட்டை பிடித்திருக்கும் வரைதானே சுழற்சி ஏறும்? இங்கே ரப்பர்தான் சாட்டை. ரெடிமேட் மட்டைகள் பலவற்றில் அது வழுக்குகிறது.

அதற்காக விலை உயர்ந்த ரப்பருக்கு ஓட வேண்டுமா? வேண்டாம். அவற்றின் துள்ளல் புதியவர் கைக்கு அடங்காது. சீனாவின் 729 பிராண்டு போன்ற பிசுபிசுப்பான ரப்பர்கள் விலை குறைவு, பிடிப்போ அபாரம். சிலவற்றில் பந்தை அழுத்தி, மட்டையைக் கவிழ்த்துப் பிடித்தால் ஒரு கணம் ஒட்டிக்கொண்டே தொங்கும்! ஆனால் வேகத்தை உங்கள் கைதான் தர வேண்டும்.

ஸ்பாஞ்ச் தடிமன் 1.8 மி.மீ. அளவில் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். தடிமன் கூடக்கூட வேகமும் கூடும். ரப்பர் தாள், ஸ்பாஞ்ச், பசை எல்லாம் சேர்த்து மொத்தம் 4 மி.மீ. தாண்டக் கூடாது என்பது விதி.

தூசி படிந்தால் பிடிப்பு போய்விடும். ஆடி முடித்ததும் ஈரப் பஞ்சால் துடைத்து, காய்ந்தபின் பிளாஸ்டிக் தாளால் மூடி வையுங்கள்.